நூல் மாலையும் தொட்டில் கொட்டகையும்

எங்கள் வீட்டுக்குள் கட்சி நுழைந்தது என் கணவரின் சட்டை வழியாக. கல்யாணமான புதிதில் அவரிடம் நல்லதாக ஒரே ஒரு சட்டைதான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அதைத் தெருமுனையில் எரிந்த அந்நியத் துணி நெருப்பில் போட்டுவிட்டு, வெற்று மேலோடு வீட்டுக்கு வந்து நின்றார். அது சீமைத் துணி இல்லை, நம் மில் நூலை வாங்கி இங்கேயே நெய்த துணி என்று சொன்னேன். "எல்லாம் மிசின் நூலுதான புள்ள" என்றார். அந்த மிசினைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் மாரடிப்பவரே அவர்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

நாங்கள் இருவரும் மதுரையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தோம். அவருக்கு ஸ்பின்னிங். பஞ்சுத் திரி நூலாக மாறி ஓடும் மிசினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழைகளைப் பிடித்து ஒட்டவேண்டும். எனக்கு ரீலிங். அவர் பகுதியில் நூற்ற நூல் எங்களிடம் வரும். பெண்கள் நாங்கள் அதைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுவோம். இரண்டு பேருமே கீழக்குயில்குடிப் பக்கத்தில் உழுது பிழைத்த சம்சாரிக் குடும்பம். மழை பொய்த்துக் கண்மாய் வறண்டதும் வேறு போக்கிடம் இல்லாமல் மில் சங்குக்கு வந்து சேர்ந்தவர்கள். நிலத்தை நினைத்து நான் ஏங்கியது கிடையாது. அங்கேயும் வயிறு நிறைந்ததில்லை.

சட்டை எரிந்த பிறகு கதர் வந்தது. கதரோடு, கையால் சுழற்றி நூல் நூற்கும் தக்ளியும் வந்தது. மில்லில் பகல் முழுவதும் நூற்றுவிட்டு வரும் மனிதர், வீட்டில் கைகால் கழுவிவிட்டு மறுபடியும் நூற்க உட்காருவார். கட்சியில் சேர்ந்தவர்கள் சந்தாவுக்குப் பதிலாகக் கையால் நூற்ற நூலைக் கொடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. "மிசின் ஒரு மூச்சுல நூக்கிறத நீங்க மாசம் பூரா நூக்கிறீக" என்று கேலி செய்வேன். சிரிப்பார். கோபம் வராத மனிதர். அவருக்கும் சேர்த்து எனக்கு வந்துவிடும்.

இங்கே நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. கட்சியின் பெயரையும் எழுதவில்லை. தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். எங்கள் பெட்டியின் நிறத்தைச் சொன்னால்கூடப் பெயரைச் சொன்ன மாதிரிதான், அதனால் அதையும் விட்டுவிடுகிறேன். பெயர் சொல்லித் திட்டுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. நடந்ததைச் சொன்னால் போதும்.

எங்கள் பகுதியில் கட்சி என்றால் ஒரு வக்கீல்தான். மாசி வீதிப் பக்கம் பெரிய வீடு. ஜெயிலுக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் தரையில்தான் உட்காருவார். நான் கொடுக்கும் தண்ணீரைத் தயங்காமல் வாங்கிக் குடிப்பார். கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இருந்திருக்காது.

எனக்கு மகள் பிறந்தது, எங்களுக்கு ஓட்டுக் கிடைத்த முதல் சட்டசபைத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால். உடம்பு தேறியும் தேறாமலும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சுற்றிய சிட்டத்துக்குத்தான் கூலி. சுற்றாத நாளில் அடுப்பு எரியாது. பிள்ளையை மில்லுக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெண் இருந்தாள். முன்னால் எங்கள் மில்லிலேயே வேலை பார்த்தவள்; பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிசினில் வலது கை விரல்களைப் பறிகொடுத்து வெளியே வந்தவள். மில்லுக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். மத்தியானச் சங்கு ஊதியதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவாள். நாங்கள் ஓடிப்போய்க் கம்பிக் கேட்டின் இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து பால் கொடுப்போம். பிள்ளை பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி கத்த ஆரம்பிப்பான். பிடுங்கிக் கொடுத்துவிட்டு ஓடுவோம். மிச்சப் பால் ரவிக்கையை நனைக்கும். ரீலிங் பகுதி முழுக்க எண்ணெய் நாற்றத்தோடு பால் நாற்றமும் அடிக்கும்.

அத்தனை பிள்ளைகளை ஒரு கையால் ஒருத்தி எப்படிச் சமாளிப்பாள் என்று யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். நகக்கண்ணில் கொஞ்சம் அபினியைத் தடவிப் பிள்ளையின் வாயில் வைப்பாள். அது சப்பிவிட்டுத் தூங்கிவிடும். அபினி வாங்க நாங்கள்தான் காசு கொடுத்தோம். கொடுக்காவிட்டால் பிள்ளையை எடுத்துக்கொள்ள மாட்டாள். எந்தத் தாய்க்கும் அது பிடித்துச் செய்த காரியமில்லை. என் மகள் சாயங்காலம் நான் தூக்கும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள், பிறகு தானாக மூடிக்கொள்வாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிள்ளை என்றால் வீட்டை இரண்டாக்க வேண்டாமா!

பம்பாய்ப் பக்கம் ஏதோ ஒரு மில்லில் பிள்ளைகளுக்கென்று கொட்டகை போட்டுத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டு வந்து சொன்னவள் எனக்குப் பக்கத்து ரீலில் நின்ற அக்கா. உறவில்லை. வயதில் மூத்தவள், அதனால் அக்கா. புருஷனை இழந்தவள், வாயாடி, ரீலிங்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் பெற்ற இரண்டும் இதே அபினித் தூக்கத்தில் வளர்ந்தவை. ஒன்று தங்கவில்லை. மற்றது தங்கியும் மந்தமாகப் போயிற்று. அன்றிலிருந்து ரீலிங் பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை. கூலி உயர்வைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தொட்டில் கொட்டகை வேண்டும்.

தேர்தல் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு உண்டு என்றார்கள். நான் பாதிரிப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். என் கணவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே அந்த ஓட்டுக்காகத்தான். எங்கள் தெருவில் கூட்டம் போட்டு வக்கீல் பேசினார். கதர், கள்ளு, உப்பு, சுதந்திரம். நன்றாகத்தான் பேசினார். முடிந்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"சாமி, எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். மில்லுக்குள்ள பிள்ளைகளப் போட ஒரு கொட்டகை. நாலு தொட்டில் கட்டுனாக்கூடப் போதும். மொதலாளி கேக்க மாட்டேங்குறாரு. நீங்க செயிச்சு வந்தாச் செய்ய வைப்பீகளா?"

வக்கீலின் முகம் இளகிப்போனது. "இதுவும் ஒரு கேள்வியா அம்மா? நம்ம சர்க்கார் வந்தா முதல் காரியம் இதுதான்" என்றார்.

பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொன்னபோது நம்பித்தான் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மகளைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு ஆடினார். "இந்தா புள்ள, கேட்டேல்ல? இவளுக்குத் தொட்டிலு வரப்போகுது. நீ நெனச்சப்ப எந்திரிச்சுப் போயிப் பாலு குடுத்துட்டு வரலாம்." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டபோது அதில் மகளின் தொட்டிலையே போட்டேன். கட்சி ஜெயித்தது. தெருவே பொங்கல் வைத்தது.

அப்புறம் காத்திருந்தோம். புது சர்க்காருக்கு வேலை நிறைய என்று வக்கீல் சொன்னார். இருந்திருக்கும். கள்ளை ஒழிக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வடக்கத்திப் பாஷையைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அதற்கு ஆதரவாக ஒரு கூட்டம், எதிராக ஒரு கூட்டம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போகாததால் எங்களுக்கு அது எந்தப் பாஷையாக இருந்தாலும் ஒன்றுதான். கதர் விற்க வேண்டும் என்றார்கள். மில்லில் வேலை நிறுத்தப் பேச்சு எழுந்தபோது மட்டும் வக்கீல் அவசர அவசரமாக ஓடி வந்தார். நம்முடைய சர்க்காருக்கு நாமே தலைவலி கொடுக்கலாமா, முதலாளிகளையும் பகைத்துக்கொள்ளாமல்தானே சுதந்திரம் வாங்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவர்தான் ஸ்பின்னிங் ஆட்களைச் சமாதானப்படுத்தி வேலையில் நிற்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கள்ளுக்கடை வாசலில் நின்று பஜனை பாடப் போவார். குடிக்க வருகிறவர்களின் காலில் விழுந்து, குடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது தொண்டர்கள் வழக்கம். ஒரு தடவை சோறு கொண்டுபோனேன். கள்ளுக்கடைக்கு அடுத்தது அபினிக்கடை. சர்க்கார் லைசென்ஸ் பலகை மாட்டியிருந்தது. என்னைப் போல நாலைந்து பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கிப்போனார்கள். பஜனை அவர்கள் காதில் விழுந்திருக்கும். அவர்களை யாரும் மறிக்கவில்லை.

"இந்தக் கடையவும் சேத்து மூடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அது லிஸ்டுல இல்ல புள்ள" என்றார்.

"மூடுனா மட்டும்? பிள்ளைய எங்கிட்டுப் போடுறது?" என்று அக்கா பிறகு என்னைக் கேட்டாள். அவள் கேட்டதுதான் சரி. கடையை மூடினாலும் கொட்டகை இல்லாமல் விடியாது.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு மந்திரி வருவதாகச் செய்தி வந்தது. மேலூருக்குப் போகிற வழியில் வைகை மணலில் பொதுக்கூட்டம். வக்கீல் எங்களைத் தேடி வந்தார். மந்திரி பூமாலை வாங்கமாட்டாராம், கையால் நூற்ற நூல் மாலை மட்டும்தானாம். "ரீலிங் பெண்கள் சார்பா ஒரு மாலை போடுங்க. போட்டுட்டு உங்க கோரிக்கையை ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. அவர் காதில விழுந்துட்டா மில்லுக்கு உத்தரவு போடறது பெரிய விஷயமில்லை" என்றார். அவர் எங்களுக்காகச் செய்த உருப்படியான காரியம் அது. இன்றும் நன்றி உண்டு.

நூற்க ஆரம்பித்தோம். நாங்கள் நூல் சுற்றத் தெரிந்தவர்கள், நூற்கத் தெரியாதவர்கள். என் கணவர் வீடு வீடாக வந்து தக்ளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மில் முடிந்து, சோறு பொங்கி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நூற்போம். ஒரு இடம் கயிறாட்டம் தடிக்கும், ஒரு இடம் இற்று விழும். அக்கா நூற்றதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த நூல் ரீலில் வந்திருந்தால் மேஸ்திரி எங்கள் முகத்திலேயே வீசியிருப்பான். எப்படியோ ஒரு மாலைக்குத் தேறியது.

மாலையைக் கட்டிப் பார்த்தபோது அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "மந்திரி கழுத்துல போடுறதுக்கு இம்புட்டுக் கேவலமாவா இருக்கணும்? அடியில தொங்குற குஞ்சமாவது நல்லா இருக்கட்டும்டி. நம்ம நூல வாங்கிக் கட்டுவோம்" என்றாள். எங்களில் ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. விருந்தாளிக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்லதை எடுத்து வைப்பதில்லையா? எங்களுக்குத் தெரிந்த நல்லது எங்கள் மில்லின் சன்ன ரக நூல்தான். மில்லிலிருந்து ஒரு இழையைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. சேலையை உதறிச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். அதனால் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நூல் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பள்ளிவாசல் தெருவைச் சேர்ந்த பாய். எங்களைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். "என்னா தங்கச்சி, காலையில நீங்களே சுத்தி அனுப்புறீக, சாயங்காலம் நீங்களே வந்து வாங்குறீக! மாஷா அல்லா, நல்ல யாவாரம்" என்று சிரித்தார். சன்ன ரகத்தில் ஒரு சிட்டம் எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, "இது என் கட்டுத்தான்" என்றாள். முடிச்சைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். அதைத்தான் குஞ்சமாகக் கட்டினோம். வெள்ளை வெளேரென்று, விரல் பட்டால் வழுக்கும் நூல். அந்தக் குஞ்சத்தால்தான் மாலைக்கே ஒரு களை வந்தது.

கூட்டத்தன்று மணலில் நல்ல ஜனம். அக்கா மாலை போடுவது, நான் பேசுவது என்று ஏற்பாடு. இடுப்பில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்காகத்தான் கேட்கிறோம் என்று மந்திரிக்குத் தெரியட்டும் என்று அவளைக் கொண்டுபோயிருந்தேன். என்ன பேச வேண்டும் என்பதை என் கணவர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்திருந்தேன். அவர் தொண்டர்களோடு மேடைக்குக் கீழே நின்றார். எங்களைக் கூப்பிட்டார்கள். ஏறினோம்.

அக்கா மாலையைப் போட்டாள். மந்திரி கும்பிட்டார். வயதானவர், சாந்தமான முகம். மாலையைக் கையில் ஏந்திப் பார்த்தவர், குஞ்சத்துக்கு வந்ததும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது எந்த ராட்டையில் நூற்றது?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க மில்லு நூலு சாமி. நாங்களே சுத்துனது. அசல் நூலு" என்றாள்.

அவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். பிறகு ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று பேசினார். சத்தியத்தைப் பற்றிப் பேசினார். கையால் நூற்றது என்று சொல்லி மில் நூலைக் கலப்பதும் பொய்தான், அறியாமல் செய்தாலும் பொய்தான் என்றார். மில் நூல் கிராமத்து ஏழையின் வயிற்றில் அடிக்கிற நூல், அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை என்றார். சகோதரிகள் தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். மேடையிலிருந்து பார்த்தேன். என் கணவரும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது கை தானாகத் தட்டியிருக்கும். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார், கை அப்படியே நின்றுவிட்டது.

எங்களைப் பேசச் சொல்லவில்லை. ஒரு தொண்டர் வந்து மரியாதையாக இறக்கிவிட்டார். எனக்கு வெட்கத்தில் காது அடைத்துவிட்டது. கிராமத்து ஏழை என்றாரே, நாங்கள் யார்? கீழக்குயில்குடியில் நூற்க ராட்டையும் இல்லாமல் உழ ஈரமும் இல்லாமல்தானே இங்கே வந்து நிற்கிறோம்? இதையெல்லாம் மேடையில் நிற்கும்போது யாருக்குச் சொல்ல வரும்? இடுப்பில் மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அத்தனை கைதட்டலிலும் அவள் விழிக்கவில்லை.

அக்காவும் நானும் திரும்பி நடந்தோம். கல்பாலம் தாண்டிய பிறகு, "நம்ம நூலு அம்புட்டுக் கேவலமாடி?" என்று மட்டும் கேட்டாள். வக்கீல் மறுநாளே வந்தார். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு சந்தர்ப்பம் வரும் என்றார். அடுத்த தடவை கலப்பில்லாமல் நூற்றுவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசி மழையில் என் மகளுக்குச் சளி பிடித்தது. வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். சீட்டுக் கிழித்துவிடுவேன் என்று மேஸ்திரி ஆள் அனுப்பினான். போனேன். மத்தியானச் சங்கு ஊதி நாங்கள் கேட்டுக்கு ஓடியபோது விரல் இல்லாத அந்தப் பெண் மற்றப் பிள்ளைகளைக் கொண்டுவந்திருந்தாள். என் பிள்ளையைக் கொண்டுவரவில்லை.

"எந்திரிக்க மாட்டேங்குதும்மா" என்றாள். "எப்பவும் குடுக்குற அம்புட்டுத்தான் குடுத்தேன். ஆத்தா மேல சத்தியமா அம்புட்டுத்தான்."

நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அவளை அடிக்க வந்தவர்களை நான்தான் தடுத்தேன்.

வீட்டில் பிள்ளையைக் கிடத்தியிருந்தபோது வக்கீல் வந்தார். சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் அழுகை இல்லை. கையில் புதுக் கதர்த் துணி கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டு அம்மா நூற்ற நூலில் நெய்ததாம், பிள்ளைக்குச் சுற்ற. என் கணவர் கை நீட்டி அதை வாங்கப் போனார்.

"வேணாம்" என்றேன். "மில்லு நூல்ல நெய்ஞ்ச துணி வாங்கியாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சட்டையை எரித்த நாளிலிருந்து அந்தத் துணி எங்கள் வாசல்படி ஏறியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மழையில் நனைந்துகொண்டு வாங்கி வந்தார். நானே சுற்றினேன். அவருடைய கை பட்டு, என் கை பட்டு வந்த நூலாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பெற்றவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது அது ஒன்றுதான். வக்கீல் தன் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. என் கணவர் கட்சியை விட்டுவிடவில்லை. நான் விடச் சொல்லவும் இல்லை. விட்டுவிட்டு எங்கே போவது? யுத்த காலத்தில் வேறொரு கட்சி மில் கேட்டுக்கு வந்தது. கூலியைப் பற்றி, அரிசியைப் பற்றி எங்கள் பாஷையில் பேசினார்கள். கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. பிறகு தூர தேசத்தில் யுத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, இப்போது உற்பத்தியை நிறுத்தக் கூடாது, கோரிக்கைகளைத் தள்ளிப்போடுங்கள் என்று அவர்களும் சொன்னார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவர் தன் கட்சிக்காக ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தார். ஜெயிலில் பக்கத்தில் படுத்திருந்தவர் சொன்ன கதைகளையெல்லாம் சொல்வார். மகளைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

மறுபடியும் தேர்தல். வக்கீலுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "இந்தத் தடவை நிச்சயம் அம்மா" என்றார். மறுபடியும் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். மறுபடியும் நூல் மாலை. நூற்கமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். அக்கா புதுசாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிள்ளைக்காரிகளைக் காட்டினாள். அவர்களின் ரவிக்கையும் நனைந்துதான் இருந்தது. தக்ளியை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு இழைகூட மில் நூல் கலக்கவில்லை. குஞ்சம்கூடத் தடித்தும் மெலிந்தும் எங்கள் கையாலேயே நூற்றது. அந்த மனிதர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், நூல் நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார். என்னைப் பேச விட்டார்கள். சொல்ல வேண்டியதைத் திக்காமல் சொல்லி முடித்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"நியாயந்தான் அம்மா. சுதந்திரம் ஒன்று வந்துவிட்டால் இதெல்லாம் தானாக நடக்கும்" என்றார்.

ஓட்டைப் பழைய நிறப் பெட்டியிலேயே போட்டேன். மற்றப் பெட்டிகளைப் பார்த்தேன். எதிலும் எனக்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

சுதந்திரமும் வந்தது. அன்று மில்லுக்கு லீவு. கேட்டில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். என் கணவர் சந்தோஷத்தில் அழுதார். அதை நான் கேலி செய்யமாட்டேன். அவர் கொடுத்த விலைக்கு அழ உரிமை உண்டு. சாயங்காலம் வக்கீல் வீட்டில் விருந்து. போய்ச் சாப்பிட்டோம்.

மறுநாள் சங்கு ஊதியது. மத்தியானம் நான் கேட்டுப் பக்கம் போனபோது பிள்ளைக்காரிகள் அங்கே குந்தி உட்கார்ந்திருந்தார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து புதுசாக வந்த ஒருத்தியின் பிள்ளை கேட்டே அதிரும்படி வீறிட்டது. சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு மேஸ்திரி வந்து அதட்டிவிட்டுப் போனான். அவள் தவித்துப்போய் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, பிள்ளையப் பாத்துக்கிற அந்தம்மா வாங்கியாரச் சொல்லுது. இல்லாட்டி இவனத் தூக்க மாட்டேங்குது" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அந்த அபினிக்கடை எங்கிட்டு இருக்கு?"

அவனைப் பார்த்தேன். நல்ல தொண்டை. காலை உதைத்துக்கொண்டு, மூடாத கண்ணோடு அழுதான். வாங்காதே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்வது? வேலையை விட்டுவிடு என்றா? கொட்டகை வந்துவிடும் என்றா?

"மூடிக் கெடக்குற கள்ளுக்கடை தெரியுமா? அதுக்கு அடுத்த கடை" என்றேன். "நகத்துல ஒட்டுறதுக்கும் கம்மியாக் குடுக்கச் சொல்லு. சளி பிடிச்சிருந்தாக் குடுக்கவே குடுக்காத."

சரியென்று தலையாட்டினாள். பிள்ளையைப் பிடுங்கிக் கம்பி வழியாக வெளியே நின்றவளிடம் கொடுத்தாள். சங்கு ஊதியது. இருவரும் உள்ளே போனோம்.